ஸ்தாமெனின் கட்டைவிரல்

எங்க ஊருக்கு வந்தா, காலை வெயில்ல எந்த வீட்டு ஜன்னல் கிட்டயாவது போய் நின்னு பாருங்க. கண்ணாடியோட கீழ் மூலையில ஒரு கட்டைவிரல் ரேகை தெரிஞ்சா, அந்த வீட்ல யாரோ ஒருத்தர் எங்க பட்டறையில வேலை பாத்தவங்கன்னு அர்த்தம். அழுக்குன்னு நினைச்சு துணியை எடுத்துடாதீங்க. அது போகாது. ரேகை ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல மாட்டியிருக்கு.

எங்க வேலையே அதுதான். ரெண்டு கண்ணாடி, நடுவுல ஒரு அலுமினியச் சட்டம், சட்டத்துக்குள்ள ஈரத்தை உறிஞ்சுற சின்னச் சின்ன மணிகள், சுத்திவர கருப்புப் பசை. ஒருதடவை மூடினா மூடினதுதான். காத்து போகாது, ஈரம் போகாது, ஆண்டவனே வந்தாலும் விரலை விட முடியாது. அதனால மூடுறதுக்கு முன்னாடி உள்பக்கம் ஒரு ரேகை பட்டுடுச்சுன்னா அந்தக் கண்ணாடியை எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான். ஆனா குளிரைத் தடுக்கிறதுல அது மத்ததுக்குக் கொஞ்சமும் குறைஞ்சது இல்ல.

இப்போ புரிஞ்சிருக்குமே. முதலாளி கிரோ கொடுத்த சம்பளத்துக்கு எங்கள்ல ஒருத்தராலயும் நல்ல ஜன்னல் வாங்க முடியாது. ஊரு டான்யூப் ஆத்தங்கரையில. ஜனவரி மாசம் அக்கரை ருமேனியாவுல இருந்து ஒரு காத்து வரும் பாருங்க, எலும்பை எண்ணிட்டுப் போகும். அதனால வீட்ல ஜன்னலை அளந்துட்டு வருவோம். அந்த அளவுல ஒண்ணை வெட்டுவோம். மூடுறதுக்கு முன்னாடி உள்பக்கம் கீழ் மூலையில கட்டைவிரலை ஒரு அழுத்து. அடடா, கைபட்டுடுச்சே முதலாளி, ரிஜெக்ட்! சாயங்காலம் அது சைக்கிள்ல வீட்டுக்குப் போகும். கிரோவுக்கு எல்லாம் தெரியும். சம்பளத்தை ஏத்துறதுக்குப் பதிலா கண்ணை மூடிக்கிறது அவனுக்கு லாபம்.

இந்த வழக்கத்துக்குச் சட்டம் போட்டது ஸ்தாமென் அண்ணன். ஒரு கண்ணாடிக்கு ஒரு விரல். சொந்த வீட்டுக்கு மட்டும். விக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, விரல் பட்ட கண்ணாடி ஒருநாளும் விக்கிற ஸ்டாண்டுல போய் நிக்கக் கூடாது. "வாங்குறவனை ஏமாத்தினா அது திருட்டு. கிரோவை ஏமாத்தினா அது போனஸ்"னு சொல்வாரு. ஒருத்தன் மச்சான் கடைக்குன்னு ரெண்டு விரல் பட்ட கண்ணாடியைத் தள்ளிட்டுப் போனப்போ, அந்தக் குளிர்காலம் முழுக்க அவன்கிட்ட முகம் கொடுத்துப் பேசல.

நான் தோத்கா. கண்ணாடி கழுவுற மெஷின்ல நிக்கிற பொம்பள. எனக்கு நேர் எதிர் மேஜையில ஸ்தாமென் அண்ணன். கழுவி வர்றதை வாங்கி மூடுறது அவரு. வாயைத் திறந்தா கிண்டல். நான் ஒருநாள் தலைக்குச் சாயம் பூசிட்டுப் போனேன். "என்ன தோத்கா, பசை டிரம்முல விழுந்துட்டியா? ஆறட்டும், அசையாதே"ன்னாரு. அன்னிக்கு முழுக்க என்னை யாரும் அசைய விடல, பாவிங்க.

முன்னாடி கப்பல் கட்டுற தளத்துல வெல்டரா இருந்தாரு. அவரு பொண்டாட்டி பொஜூரா அக்கா அதே தளத்துல கிரேன் ஓட்டினவங்க. அந்தம்மா மேல இருந்து பாத்து, கீழ நெருப்புப் பொறிக்கு நடுவுல நின்ன ஆளைப் பிடிச்சிருக்காங்க. தளத்தை மூடினாங்க. இவரு எங்க பட்டறைக்கு வந்தாரு. வந்த புதுசுல ஒரு பெரிய கண்ணாடித் தகடு வழுக்கி வலது கட்டைவிரலைக் குறுக்கால கிழிச்சுடுச்சு. தையல் போட்டது அப்படியே தழும்பா நின்னுபோச்சு. அதனால அவரு ரேகை மட்டும் தனியாத் தெரியும், நடுவுல ஒரு கோடு ஓடும். ஊர்ல வேற யாருக்கும் அப்படி இல்ல.

பொஜூரா அக்காவுக்கு நுரையீரல் போச்சு. குளிர் பட்டா மூச்சு இழுக்கும். அறையைச் சூடா வைங்க, காத்து நுழையக் கூடாது, அவ்வளவுதான் டாக்டர் சொல்ற வைத்தியம். வீடோ அடுக்குமாடியோட உச்சியில, படுக்கையறை ஆத்தைப் பாத்தபடி. பழைய மர ஜன்னல். சந்துல கந்தலைத் திணிச்சு, மேல பேப்பரை மாவுப் பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. அப்பவும் திரை ஆடும். அக்கா தன் சாவுத் துணியைக்கூட ஒரு பெட்டியில எடுத்து வச்சுட்டாங்க. நீலக் கவுன், புது ஷூ, தலைக்குக் கட்டுற துணி, புது துண்டு, மெழுகுவத்தி. எங்க பக்கம் பொம்பளைங்க அப்படித்தான், கடைசி நேரத்துல அடுத்தவங்க தேடி அலையக் கூடாது. ஸ்தாமென் அண்ணன் அந்தப் பெட்டியைத் திறந்து பாத்துட்டு, "இந்த ஷூ உனக்குச் சின்னது பொஜூரா. அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பேசாம இங்கயே இரு"ன்னாராம். அக்கா சிரிச்சு சிரிச்சு இருமல் வந்து, அப்புறம் ஆஸ்பத்திரிக்கே போகவேண்டியதாப் போச்சு.

மெல்ல மெல்ல விரல் வச்சு வச்சு அந்த வீட்டை மூடிட்டு வந்தாரு. முதல்ல அடுப்பு இருக்கிற சமையலறை. அப்புறம் படுக்கையறையில இடது பாதி. மிச்சம் இருந்தது வலது பாதி ஒண்ணே ஒண்ணு. அந்த இலையுதிர் காலத்துல அதையும் வெட்டி, மூடி, விரல் வச்சு ரெடி பண்ணிட்டாரு. பசை காயணும், எடுத்துட்டுப் போகணும், அவ்வளவுதான்.

அந்த நேரம் பாத்து நெவெனா வந்து சேர்ந்தா.

நாடு ஐரோப்பாவோட சேரப்போகுது. மார்ச் முதல் தேதியில இருந்து அவங்க தர முத்திரை இல்லாத இரட்டைக் கண்ணாடியை விக்க முடியாது. முத்திரை வேணும்னா எல்லாத்தையும் அவங்க சொல்ற முறையில செய்யணும். எங்களைத் தயார்படுத்தத்தான் கிரோ அவளைக் கொண்டாந்தான். வேற ஊர்ல மூடிப்போன பெரிய கண்ணாடி ஆலையில இன்ஜினியரா இருந்தவ. நேரா நிப்பா, நேராப் பேசுவா. சிரிக்கிறதுக்கு வரி கட்டணும்னு யாரோ சொல்லியிருப்பாங்க போல.

வந்த அன்னிக்கே எங்களை வட்டமா நிக்க வச்சு, ஈரம் உறிஞ்சுற மணியை என் உள்ளங்கையில கொட்டி தண்ணி ஊத்தினா. கை சுட்டுச்சு, ஐயோன்னேன்.

"சுட்டா மணி உயிரோட இருக்கு. சுடலன்னா செத்துப்போச்சு. தினமும் காலையில பாக்கணும்"னா.

"எங்க முதலாளி கையில கொட்டிப் பாருங்க இன்ஜினியரம்மா, அங்க எதுவும் சுடாது"ன்னாரு ஸ்தாமென் அண்ணன்.

எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. ரிஜெக்ட் ஆன கண்ணாடிங்க நிக்கிற மூலைக்குப் போய் குனிஞ்சு ஒவ்வொண்ணா பாத்தா.

"எல்லாத்துலயும் கட்டைவிரல். உங்க ஊர்ல மத்த விரலெல்லாம் சுத்தமா?"

"ஆத்தங்கரைக் காத்தும்மா. கையில எண்ணெய் பிசுக்கு ஜாஸ்தி"ன்னாரு இவரு.

"அந்தக் காத்து கீழ் மூலையில மட்டும்தான் அடிக்குமோ?"

அப்பத்தான் அவ சொன்னா: திங்கட்கிழமையில இருந்து ரிஜெக்ட் எதுவும் வீட்டுக்குப் போகாது. எல்லாத்தையும் தொட்டியில போட்டு உடைக்கணும். ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு காரணம் சொல்லணும், காரணத்தைச் சரி பண்ணணும். "நான் வேலை பாத்த ஆலையை என் கண் முன்னாடி மூடினாங்க. ஆயிரம் பேர் வெளிய போனாங்க. இன்னொண்ணு மூடுறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. திட்டணும்னா திட்டிக்குங்க"ன்னு முடிச்சா. திட்டினோம். ஆனா அவ சொன்னது பொய்யில்லன்னு எங்களுக்கும் தெரியும். முத்திரை வரலன்னா ஊர்ல வேற என்ன வேலை இருக்கு?

ஸ்தாமென் அண்ணன் ஒளிச்சு மறைச்சு எடுத்துட்டுப் போயிருக்கலாம். செய்யல. அதுதான் அவரு. நேரா அவகிட்ட போனாரு.

"இன்ஜினியரம்மா, என்னோடது ஒண்ணு நிக்குது. படுக்கையறைக்கு. பொண்டாட்டிக்கு மூச்சு சரியில்ல. உங்க திங்கட்கிழமைக்கு முன்னாடி மூடினது. பசை காஞ்சதும் எடுத்துட்டுப் போறேன்."

"உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு நாப்பது பேர் வரிசையில நிப்பாங்க. மார்ச் முடியட்டும், முத்திரை வரட்டும். நானே முதலாளிகிட்ட பேசி வாங்கித் தர்றேன்."

"உடைச்சுட மாட்டீங்களே?"

அவ குனிஞ்சு அந்தக் கண்ணாடியோட மூலையைப் பாத்தா. "உடைக்கல. பெருசா குறி போட்டு ஒதுக்கி வைங்க."

அவரு சுண்ணக்கட்டியால கண்ணாடி மேல மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டு, பசை டிரம்முங்களுக்குப் பின்னாடி சாச்சு வச்சாரு. அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போய், புதுசுக்காகக் கழட்டி வச்சிருந்த ஜன்னலோட வலது பாதியில பாலிதீன் ஷீட்டை ஆணி வச்சு அடிச்சாரு. அந்தக் குளிர்காலத்துல ராத்திரி முழுக்க அது படபடன்னு அடிக்கும்னு அக்கா சொல்வாங்க. "யாரோ கைதட்டுற மாதிரி இருக்கு தோத்கா. நான் இருமுறேன், அது கைதட்டுது."

பிப்ரவரியில முத்திரை கொடுக்கிற பரிசோதகர் தலைநகர் சோபியாவுல இருந்து வந்தாரு. காலையில இருந்தே கிரோவுக்குக் கால் தரையில நிக்கல. இதைத் தள்ளு, அதைக் கூட்டு, இங்க என்ன குப்பைன்னு கத்திக்கிட்டே இருந்தான். ஸ்தாமென் அண்ணன் வெளிய பனியில லாரியில இருந்து தகடு இறக்கிட்டிருந்தாரு. கார் வாசல்ல வந்து நிக்குது. அப்போ கிரோ பசை டிரம்முங்களுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தான். கண்ணாடியைத் தூக்கினான். அந்தச் சுண்ணக்கட்டிக் குறியைத் தன் சட்டைக் கையாலயே தேச்சு அழிச்சான். கொண்டுபோய் விக்கிற ஸ்டாண்டுல சொருகினான்.

நான் மெஷினை விட்டு ஓடினேன். "முதலாளி, அது ஸ்தாமென் அண்ணனோடது. ரிஜெக்ட். ஸ்டாண்டுல வைக்காதீங்க!"

"வாயை மூடிட்டுப் போ. ஆள் உள்ள வந்தாச்சு. ஒழுங்கா நிக்கிறது எதுவும் சந்தேகம் கொடுக்காது"ன்னு பல்லைக் கடிச்சான். உடனே முகத்தைச் சிரிப்பா மாத்திக்கிட்டு வாசலுக்குப் போனான்.

பரிசோதகர் கெட்டவர் இல்ல. ஒல்லியா, சளி பிடிச்ச மூக்கோட, கைக்குட்டையும் கையுமா வந்தாரு. மணியைப் பாத்தாரு, பசையைப் பாத்தாரு, தலையை ஆட்டினாரு. எல்லாம் நல்லாப் போச்சு. கடைசியா ஸ்டாண்டு பக்கம் போனாரு. அத்தனை கண்ணாடி நிக்குது. அவரு கை நேரா அதுமேலதான் போச்சு.

டார்ச் அடிச்சுப் பாத்தாரு. கீழ் மூலையில நிறுத்தினாரு.

"இது என்ன?"

நெவெனா குனிஞ்சா. ரேகை. குறுக்கால ஒரு கோடு. அவ முகம் வெளுத்துப் போச்சு.

"கைபட்ட கண்ணாடி எப்படி விக்கிற ஸ்டாண்டுல வந்துச்சு? எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். இது ஒரு ஆளோட தப்பா, இல்ல இங்க வேலை நடக்கிற முறையே தப்பா? ஆளோட தப்புன்னா சரி பண்ணிக்கலாம். முறையே தப்புன்னா, மன்னிக்கணும், மார்ச்சுல முத்திரை கிடையாது."

ஸ்தாமென் அண்ணன் அதைக் கேட்டுக்கிட்டே தொப்பியில பனியோட உள்ள வந்தாரு. கண்ணாடியைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. அப்புறம் கிரோவோட சட்டைக் கையைப் பாத்தாரு. முழங்கை வரைக்கும் வெள்ளைப் பொடி. அவருக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் அந்தப் பொடிக்கு அர்த்தம் தெரியும்.

நான் வாயைத் திறந்தேன். "ஐயா, அதை அங்க வச்சது..."

என் கால்மேல ஒரு பூட்ஸ் ஏறி நின்னுச்சு. ஸ்தாமென் அண்ணனோடது. நல்லா அழுத்தமா.

"என்னோடதுதான். நான்தான் வச்சேன். கவனிக்கல"ன்னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாரு. "ஆளோட தப்பு. முறையில தப்பில்ல."

முதலாளியே ரிஜெக்டைத் தூக்கி ஸ்டாண்டுல வைக்கிறவன்னு தெரிஞ்சா அப்புறம் என்ன முறை, என்ன முத்திரை? நாப்பது குடும்பத்தோட கஞ்சி அந்த ஒரு வார்த்தையில நின்னுச்சு. அவரு சொல்லிட்டாரு. வாழ்நாள் முழுக்க எதைத் திருட்டுன்னு சொன்னாரோ, அதையே தான் செஞ்சதா அத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிட்டாரு. ஒரு காலத்துல விரல் வைக்க அவருகிட்ட யோசனை கேட்டவங்கெல்லாம் அன்னிக்கு அவரை முறைச்சுப் பாத்தாங்க. "எங்க எல்லாரையும் தெருவுல நிறுத்தப் பாத்தியேய்யா"ன்னு ஒருத்தன் முகத்துக்கு நேரா சொன்னான். அவரு கையுறையைக் கழட்டி மடிச்சு மேஜையில வச்சாரு, அவ்வளவுதான்.

"கொஞ்ச நாள் வீட்ல இரு ஸ்தாமென். தப்பைச் சரி பண்ணிட்டோம்னு காட்டணும் பாரு. முத்திரை கைக்கு வந்ததும் நானே கூப்பிடுறேன்"னான் கிரோ. கண்ணைப் பாத்துச் சொல்லல.

"சரி முதலாளி. அந்தக் கண்ணாடியை மட்டும் கொடுத்துடுங்க."

"அது முடியாதேப்பா. பரிசோதகர் அதைச் சுவத்துல மாட்டி வைக்கச் சொல்லிட்டாரு. எப்படி இருக்கக் கூடாதுன்னு புது ஆளுங்களுக்குக் காட்டணுமாம்."

ஸ்தாமென் அண்ணன் சிரிச்சாரு. "கோணலா மாட்டிடாதீங்க"ன்னுட்டுப் போனாரு.

மார்ச் முதல் தேதி வந்துச்சு. வழக்கம்போல எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் கையில சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கிட்டோம், குளிர் போகட்டும், உடம்பு நல்லா இருக்கட்டும்னு. முத்திரையும் வந்துச்சு. கிரோ சீஸ் வச்ச பணித்ஸா பலகாரம் தட்டுத் தட்டா கொண்டாந்தான், ராக்கியா சாராயம் ஊத்தினான். நான் தட்டைத் தொடல. வாசல்கிட்ட சுவத்துல அந்தக் கண்ணாடி தொங்குது, கீழ ஒரு சீட்டு: 'குறை. கைரேகை.' ஸ்தாமென் அண்ணன் கோட்டு மாட்டுற ஆணி அதுக்குப் பக்கத்துல காலியா இருக்கு.

கூப்பிடுறேன்னவன் கூப்பிடவே இல்ல. நான் கேக்கும்போதெல்லாம், "பரிசோதகர் வருஷா வருஷம் வர்றாரு தோத்கா, ஆளைப் பாத்தா ஞாபகம் வந்துடும்"பான். தூ!

அவரு பக்கத்து ஊர்ல ஒரு பட்டறைக்குப் போனாரு. பழைய கூட்டுப் பண்ணையோட மாட்டுக் கொட்டகை. முத்திரையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. கிராமத்துக்காரங்களுக்கு மலிவா கண்ணாடி போட்டுக் கொடுக்கிற இடம். தகடுங்களைக் கட்டாம சும்மா சுவத்துல சாச்சு வச்சிருப்பாங்க. "அங்க மணியைக் கையில கொட்டிப் பாத்தீங்களா அண்ணே?"ன்னு கேட்டேன். "மணியா? அங்க சட்டத்துக்குள்ள மணி போடுறதே பண்டிகை நாள்லதான்"னாரு. அப்பவும் கிண்டல். ஆனா கன்னம் ஒட்டிப்போச்சு.

வீட்ல அக்காகிட்ட எதையும் சொல்லல. பட்டறையில ஆள் குறைச்சுட்டாங்கன்னு மட்டும் சொல்லி வச்சிருந்தாரு. ஒவ்வொரு இலையுதிர் காலமும் எங்க வாசலுக்கு வருவாரு. உள்ள வர மாட்டாரு. என்னைக் கூப்பிட்டு, "கிரோகிட்ட கேளு, என் கண்ணாடியைக் கொடுப்பானான்னு"ம்பாரு. நான் போய்க் கேப்பேன். இந்த வருஷ சோதனை முடியட்டும்பான். அவரு திரும்பிப் போய் பாலிதீன் ஷீட்டை மாத்தி அடிப்பாரு.

ஒரு கண்ணாடி வாங்க வக்கில்லையான்னு நீங்க கேப்பீங்க. கையில வந்ததெல்லாம் அக்காவோட மருந்துக்குப் போச்சு. நாங்க நாலு பேர் சேர்ந்து புதுசு ஒண்ணு போட்டுத் தர்றோம்னு போனப்போ கோபத்துல முகம் சிவந்துட்டாரு. "எனக்குப் பிச்சை வேணாம். என் கண்ணாடி அங்க சுவத்துல இருக்கு. அது என்னோடது. அதைத்தான் கேக்கிறேன்." என்ன பிடிவாதமோ! எனக்கு அப்போ எரிச்சலா வந்துச்சு. இப்போ புரியுது. அவருக்குக் கண்ணாடி மட்டும் வேணும்னு இல்ல. அதை அங்க வச்சது அவரு இல்லன்னு யாராவது ஒருத்தர் ஒத்துக்கணும்.

டிசம்பர் கடைசியில, பனி உருகுற ஒரு நாள்ல, அந்தக் கொட்டகையோட தரை நனைஞ்சு, சாச்சு வச்சிருந்த தகடுங்க மொத்தமா சரிஞ்சு அவரு மேல விழுந்துச்சு. அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் வரல. கண்ணாடி வேலை பாக்குறவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும். மத்தவங்களுக்குத் தெரியவேண்டாம்.

அக்கா தன் பெட்டியைத் திறந்து, தனக்குன்னு வச்சிருந்த புது துண்டையும் மெழுகுவத்தியையும் எடுத்து அவருக்குக் கொடுத்தாங்க. "நான்ல மூட்டை கட்டி வச்சிருந்தேன். இவன் முந்திக்கிட்டான்"னாங்க. அழக்கூட மூச்சு இல்ல. அடுக்குமாடி வாசல் கதவுல அவரு படத்தோட சாவு நோட்டீஸ் ஒட்டினோம். படத்துல பல்லெல்லாம் தெரிய சிரிக்கிறாரு. நோட்டீஸ்ல சிரிக்கிற ஆளை எங்க ஊரு அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

நாப்பதாம் நாளுக்கு வேகவச்ச கோதுமையில சர்க்கரை தூவி எடுத்துட்டு மேல ஏறினேன். படியில எனக்குப் பின்னாடி நெவெனா. நான் கூப்பிடல, அவளா வந்தா. உள்ள போய் உக்காந்தா, கோதுமை ஒரு கரண்டி வாயில போட்டா. அப்போ படுக்கையறையில பாலிதீன் படபடன்னு அடிச்சுது. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா. இடது பாதியில கோடு ஓடுற கட்டைவிரல் ரேகை. வலது பாதியில ஷீட்டு. ஒண்ணும் பேசாம வெளிய வந்து படியில இறங்க ஆரம்பிச்சா.

நான் விடல. பின்னாடியே போய் நடுப்படியில நிறுத்தினேன். "நல்லாப் பாத்தீங்களா? அதை ஸ்டாண்டுல வச்சது அவரு இல்ல. கிரோ வச்சான். குறியைச் சட்டைக் கையால அழிச்சான். நான் கண்ணால பாத்தேன். சொல்ல வந்தப்போ அந்த மனுஷன் என் காலை மிதிச்சுட்டு நின்னாரு. உங்க முத்திரைக்காக!"

அவ கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே படியில உக்காந்துட்டா. "நான் மார்ச்சுல பேசி வாங்கித் தர்றேன்னேன்"னா. "அவரு தப்பு பண்ணினாருன்னு நினைச்சு, அப்புறம் பேசவே இல்ல." அழுதா. எனக்கு ஆறுதல் சொல்லத் தோணல. சொல்லல.

அடுத்த நாள் காலையில பட்டறைக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவத்துல இருந்து அந்தக் கண்ணாடியை அவளே கழட்டினா. கிரோ ஆபீஸ்ல இருந்து ஓடி வந்தான்.

"என்ன பண்றீங்க? அடுத்த வாரம் பரிசோதகர் வர்றாரு. முதல்ல அதைத்தான் கேப்பாரு!"

"அன்னிக்கு உங்க சட்டைக் கையை நான் பாக்கல கிரோ. மத்தவங்க பாத்திருக்காங்க. பரிசோதகர்கிட்ட அதைப் பத்தியும் பேசலாமா?"

கிரோ தன் சட்டைக் கையைக் குனிஞ்சு பாத்தான், இன்னும் பொடி இருக்கிற மாதிரி. அப்புறம் குரலை இறக்கிட்டு, "சுவர் காலியா இருந்தா நல்லா இருக்காது. வேற ஒண்ணாவது மாட்டணும். யாராவது ஒரு விரல் வைங்கப்பா, சின்ன விஷயம்தானே"ன்னான்.

ஒருத்தர் அசையல. முகத்துக்கு நேரா திட்டினவன்கூட கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டான். மெஷின் மட்டும் ஓடிட்டிருக்கு. நெவெனா என்கிட்ட வந்தா. கழுவி வந்த கண்ணாடி மேஜையில ஈரம் காய்ஞ்சு கிடக்கு. கையுறையைக் கழட்டினா. கட்டைவிரலைக் கீழ் மூலையில வச்சு நல்லா அழுத்தினா.

"மூடுங்க"ன்னா.

அதுதான் இன்னிக்கும் எங்க வாசல்ல தொங்குது.

ஸ்தாமென் அண்ணனோட கண்ணாடியைச் சாக்குல சுத்தி நானும் அவளும் தூக்கிட்டுப் போனோம். லிஃப்ட் ஓடல. ஒவ்வொரு மாடியிலயும் இறக்கி வச்சு மூச்சு வாங்கினோம். பாலிதீனைக் கிழிச்சதும் ஆத்துக் காத்து அறைக்குள்ள பாஞ்சுது. அக்கா போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டாங்க. கண்ணாடி சட்டத்துல சரியா உக்காந்துச்சு. அவரு அளந்தது, தப்பாகுமா?

"எந்தப் பக்கம் மேல வரணும்?"னு நெவெனா கேட்டா.

அக்கா அப்பத்தான் மூலையைப் பாத்தாங்க. "ஸ்தாமென் விரலுல்ல இது! கீழ வைங்க. என் தலகாணிப் பக்கம்."

வச்சு இறுக்கினோம். அறை அமைதியாச்சு. பாலிதீன் சத்தம் இல்லாத அந்த அறையில நான் முதல்தடவையா நிக்கிறேன். அக்கா படுத்தபடியே கையை நீட்டி, அந்த ரேகை மேல தன் கட்டைவிரலை வச்சாங்க. வெளிய பனி, மத்தியானமே இருட்டிக்கிட்டு வருது.

"சில்லுனே இல்ல தோத்கா"ன்னாங்க. விரலை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "இத்தனை வருஷமா இது எங்க இருந்துச்சு?"

நான் நெவெனாவைப் பாத்தேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு சாக்கை மடிச்சா, பிரிச்சா, திரும்பவும் மடிச்சா.